வெட்டிப் பார்த்த தங்கம்

காலை பத்தே முக்கால் மணி. அக்காவின் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய அட்டையின் மூன்றாவது வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கைபேசி அடித்தது. அழைத்தவர் அவள் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை நேரத்தில் அவர் பேசினால் ஒன்று விரலை நசுக்கிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் ஏதாவது சாமர்த்தியம் செய்துவிட்டிருப்பார்.

அன்றைக்கு சாமர்த்தியம். வெள்ளி விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறதாம். அலமாரிக்கு அடியில் கிடந்த டப்பாவை, தான் மாதாமாதம் லிஃப்ட் பார்க்கும், பழைய வெள்ளியும் தங்கமும் வாங்கி உருக்கும் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாராம். ஒன்றரைக் கிலோ நின்றது, சுடச்சுடப் பணம் கையில், அவள் ஆசைப்பட்ட லென்ஸ் அறுக்கும் மெஷினுக்கு முன்பணம் ஆச்சு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"எந்த டப்பா?"

"பிஸ்கட் டப்பாதான். குப்பை குப்பைன்னு நீயே சொல்லுவியே, அது."

அக்கா கையிலிருந்த லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். வீட்டில், கடையில், தெருவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட இருபது வயது பெரியவரான அந்தக் கண்ணாடிக்காரப் பெரியவரே அப்படித்தான் கூப்பிடுவார். எதற்கும் பதறாதவள் என்று பெயர் வாங்கியவள்.

உருக்கிவிட்டார்களா என்று கேட்டாள். பதினொன்றரைக்குத்தான் உலையில் போடுவார்கள் என்றார் அவர். "அங்கேயே நில்லுங்க. கூடையை விட்டு நகராதீங்க. ஏன் எதுக்குன்னு இப்பக் கேக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்த டப்பாவில் குப்பைதான் இருந்தது. உடைந்த கரண்டி, முறுக்கிக்கொண்ட சங்கிலி, முகம் தேய்ந்து வழவழவென்று போன வெள்ளிக் காசுகள். அக்கா மாதிரிப் பழங்காசு சேர்ப்பவர்கள் குவியலாக எடைக்கு வாங்கி, நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கழித்துப்போடும் சரக்கு. அதோடு நான்கு மாதமாக ஒரு சிறிய வெள்ளிச் சிமிழும் அதில் கிடந்தது. மூடி நசுங்கி இறுகிப்போன சிமிழ். நசுக்கியது அவளேதான், குறடு வைத்து. உள்ளே மெல்லிய தாளில் சுற்றிய ஒரு காசு.

நான்கு மாதத்துக்கு முன் மாடி வீட்டில் திருடன் புகுந்தான். பீரோ, பெட்டி, மெத்தையின் அடி என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் வாசலோரம் கிடந்த பழைய பித்தளைக் குப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கேட்ட அன்றே அக்கா தன் உயிர்க்காசைக் குப்பையோடு சேர்த்துவிட்டாள். காசு சேர்க்கிறவர்களுக்கு இந்தப் புத்தி உண்டு. இருப்பதிலேயே நல்லதை, இருப்பதிலேயே கேவலமான இடத்தில் ஒளிப்பார்கள். ஒளித்ததை யாரிடமும் சொல்லமாட்டார்கள். கணவரிடமும் அவள் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் ஏறி இறங்கும் அத்தனை மாடியிலும் வீட்டுக் கதையை ஆளுக்குக் கொஞ்சம் பரிமாறிவிட்டு வருகிறவர். அதனால் அவர் காதுபட "அது வெறும் குப்பை" என்று இரண்டு மூன்று தடவை அழுத்திச் சொல்லியும் வைத்தாள். அவர் நம்பிவிட்டார். கட்டியவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

அந்தக் காசு சாதாரணக் காசில்லை. எழுபது வருடத்துக்கு முன் அச்சடித்து அடுக்கிய வெள்ளிக் காசுகளை வெளியே விடுவதற்குள் அரசாங்கத்துக்கு மனசு மாறிவிட்டது. காசின் மதிப்பைவிட அதிலிருக்கும் வெள்ளியின் விலை ஏறிவிட்டது என்று அத்தனையையும் திரும்ப உருக்கச் சொல்லிவிட்டார்கள். தப்பியவை முப்பதோ நாற்பதோ. அவற்றில் ஒன்று ஒன்பது வருடத்துக்கு முன்பு, எடைக்கு வாங்கிய ஒரு குவியலின் அடியில் அக்காவின் விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், உள்ளே வர வர நீலம், நடுவில் அடுப்புத் தணல் போலச் சிவப்பு. எழுபது வருடக் காற்று பூசிய நிறம். தேய்த்துக் கழுவினால் ஒரு நிமிடத்தில் போய்விடும், பிறகு அவள் ஆயுசுக்கும் திரும்பாது.

பெரியவரிடம் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தம்பியை அழைத்தாள். அவன் இரண்டு தெரு தள்ளிப் பல் கட்டும் கூடம் வைத்திருக்கிறான். மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவன் பல் செய்து அனுப்புவான். எல்லாருக்கும் பல்காரன். தங்கப் பல் செய்யும்போது மிஞ்சும் தூளையும் துணுக்கையும் அதே உருக்கும் கூடத்தில்தான் போடுவான். அதனால் அந்த இடத்தின் நடப்பு அவனுக்கு அத்துப்படி. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டான். திட்டவில்லை. "கெஞ்சினாலெல்லாம் தர மாட்டாங்க. இரு, ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்," என்றான்.

அவனும் காசு சேர்க்கிறவன்தான். ஆனால் தங்கம் மட்டும். அக்காவுக்கும் தம்பிக்கும் இருபது வருடமாக ஓயாத சண்டை இது. தங்கக் காசில் எந்த ராஜா தலை இருந்தால் என்ன, எடை இருக்கிறது, எடைக்குக் கீழே அதை எவனும் விலை கேட்க முடியாது, எந்த ஊரில் போய் இறங்கினாலும் அரை மணியில் பணம் என்பான். "தங்கம் வாங்கினவன் நிம்மதியா தூங்குவான். உன் வெள்ளியை விக்கணும்னா உன்னை மாதிரியே கிறுக்குப் பிடிச்ச இன்னொருத்தரைத் தேடி அலையணும்." அக்கா விடமாட்டாள். தங்கம் ரோஷம் கெட்டது, அடித்த அன்றைக்கு எப்படிப் பல்லைக் காட்டியதோ ஆயிரம் வருடம் கழித்தும் அப்படியே காட்டும், வெள்ளிதான் இருந்த இடத்தின் காற்றை வாங்கி நிறம் மாறும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காசு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் தங்கள் பையைத்தான் பார்க்கிறார்கள். காரணத்தைப் பிறகு சாவகாசமாகக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தங்கக் காசின் விலையில் ஒரு பெட்டி வெள்ளி வாங்கலாம் என்பதுதான் அக்காவின் முதல் காரணம். அவள் அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வழியெல்லாம் அவளுக்கு ஒரே கணக்கு. சிவப்பு விளக்குக்கு ஒரு நிமிடம், லாரி திரும்பி முடிக்க ஒரு நிமிடம். போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து.

மூன்றாவது மாடி. நீளமான அறை. ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தராசு, மறுபக்கம் இரும்புக் கதவுக்கு அப்பால் உலை. கதவு மூடியிருந்தும் அறைக்குள் அனல் வீசியது. நடுவில் இரும்புக் கம்பிக் கூடை ஒன்று. அதன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருப்பவர் போல, அக்காவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அக்கா அவர் காதில் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். சிமிழுக்குள் காசு இருக்கிறது. எந்தக் காசு என்று அவருக்குத் தெரியும். அவர் மெல்லக் கேட்டார்: "என்கிட்டயே குப்பைன்னு சொன்னியா?" அவள் தராசுப் பக்கம் திரும்பினாள்.

தராசில் உட்கார்ந்திருந்த அம்மாள் தலைநரைத்தவள், பேச்சில் ஒரு பிசிறு கிடையாது. சிமிழை மட்டும் திருப்பிக் கொடுங்கள், அது எங்கள் அம்மாவுடையது என்று அக்கா கேட்டாள். உள்ளே காசு இருப்பதைச் சொல்லாதே, சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று தம்பி படியேறும்போதே எச்சரித்திருந்தான். தராசம்மாள் தலையை ஆட்டினாள். இங்கே வருகிற அத்தனையும் யாரோ ஒருவருடைய அம்மாவுடையதுதான் என்றாள். சீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, எட்டுப் பேருடைய வெள்ளி ஒரே கூடையில் கலந்தாயிற்று. போன மாதம் ஒருத்தி மோதிரத்தைத் தேடுகிறேன் என்று கையை விட்டு மற்றவர்களுடைய சங்கிலியையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டாள். அன்றிலிருந்து கூடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. முதலாளி விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறார், மாலைவரை போன் எடுக்கமாட்டார்.

"கூடையை விக்கலாமா?" என்றான் தம்பி.

அது முடியும் என்றாள். முழுக் கூடையாக, இன்றைய விற்பனை விலைக்கு, பணம் முழுக்க இப்போதே. நாலு கிலோ. அக்காவின் கணவர் சட்டைப்பையிலிருந்த பணத்தை எடுத்துத் தடுப்பின் மேல் வைத்தார். அது ஒன்றரைக் கிலோவுக்குத்தான் காணும். வங்கிக்குப் போய்த் திரும்பக் குறைந்தது ஒரு மணி நேரம். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று பதினைந்து.

தம்பி மேல்சட்டையின் உள்பையிலிருந்து ஒரு சிறிய உறையை எடுத்தான். அக்காவுக்கு அது எதுவென்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் முதன்முதலில் வாங்கிய தங்கக் காசு. வாங்கும்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது, அதற்காக இரண்டு வருடம் பழைய சைக்கிளிலேயே வேலைக்குப் போனான். பெரிய காசு, ஏறக்குறைய முப்பத்தொரு கிராம். ஒரு பக்கம் பாய் விரித்த கப்பல், மறுபக்கம் இலை வளையத்துக்குள் வருடம். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தான். சத்தமே வரவில்லை.

தராசம்மாள் எடை பார்த்தாள். தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. இந்தப் பணத்தோடு சேர்த்தால் கூடைக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும் என்றாள். பிறகு உலைக்காரரைக் கூப்பிட்டு, உளியை எடுத்து வரச் சொன்னாள்.

எதற்கு என்றாள் அக்கா.

"எடைக்கு வாங்கினா வெட்டித்தாம்மா பாப்போம்."

தங்கத்தின் கனமே உள்ள வேறொரு உலோகத்தை உள்ளே வைத்து மேலே தங்கத்தைப் போர்த்தி விடுகிறார்கள், அது தண்ணீரிலும் தெரியாது, சுத்தம் பார்க்கும் மெஷினோ மேல்தோலைத்தான் பார்க்கும் என்று விளக்கினாள். இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒரு காசை வெட்டாமல் வாங்கிவிட்டாளாம், அந்த நஷ்டம் அவள் சம்பளத்தில் இன்னும் பிடித்தமாகிறது. வங்கிக்குப் போய் வரும்வரை அடமானமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவின் கணவர் கேட்டுப்பார்த்தார். இது அடகுக் கடை இல்லை என்று வந்தது பதில். வெட்டினால் ஒரு தூசி எடைகூடக் குறையாது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. இருபது வருடமாகத் தம்பி சொல்லிவந்ததும் அதைத்தான்.

"வெட்டுங்க," என்றான் தம்பி.

உலைக்காரர் மேஜைமேல் இரும்புக் கட்டையை வைத்தார். காசை எடுத்து அதன் நடுவில் வைத்தார். கப்பல் மேலே பார்த்தபடி இருந்தது. தம்பி ஒரு அடி முன்னால் வந்தான்.

"கப்பல் பக்கம் கீழ இருக்கட்டும்ங்க."

"வெட்டு ரெண்டு பக்கமும்தான் சார் போகும்."

"தெரியும். இருந்தாலும்."

உலைக்காரர் காசைப் புரட்டி வைத்தார். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எடை, எடை என்று இத்தனை வருடம் அடித்துப் பேசியவன், அந்தக் கப்பலை அவள் தன் நீலத்தையும் சிவப்பையும் பார்ப்பதுபோலவே பார்த்து வந்திருக்கிறான். அதை ஒருநாளும் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் சண்டையில் தோற்றிருப்பான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. கூடை உலைக்குள் போகும், சிமிழ் முதலில் வளையும், பிறகு உள்ளேயிருக்கும் தாள் கருகும், அதற்குப் பிறகு எழுபது வருடக் காற்று ஒரு நொடியில் இல்லாமல் போகும். அவள் கண் கூடைப் பக்கம் போனது. கம்பிகளுக்கு நடுவில், ஒரு கரண்டியின் கீழ், சிமிழின் நசுங்கிய மூடி தெரிந்தது. உலைக்காரர் உளியைத் துணியில் துடைத்தார். காசின் மேல் வைத்தார். சரியாக உட்காரவில்லை, எடுத்து ஒரு நூல் தள்ளி மறுபடி வைத்தார். சுத்தியலைத் தேடினார், அது பின்னால் பலகையில் இருந்தது, எட்டி எடுத்தார். அவள் சிமிழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுத்தியல் இறங்கியது. இரண்டாவது அடியில் காசு பிளந்தது.

உள்ளே விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே மஞ்சள். சுத்தமான தங்கம். தராசம்மாள் இரண்டு பாதிகளையும் தட்டில் போட்டு, பழைய எடையே நிற்கிறது என்று காட்டினாள். சீட்டு எழுதினாள். கூடை அக்காவுடையதாயிற்று.

கூடையை அவள் கவிழ்க்கவில்லை, தரையில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சிமிழ் வந்ததும் உலைக்காரரின் குறட்டை இரவல் வாங்கி மூடியை நெம்பினாள். தாள் இருந்தது. தாளுக்குள் காசு இருந்தது. கத்தரிப்பூ, நீலம், சிவப்பு, எல்லாம் வைத்தது வைத்தபடி. ஒரு கீறல் இல்லை. தராசம்மாள் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, அம்மாவுடைய சிமிழா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் சீட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

மிச்ச வெள்ளியை அந்தக் கூடத்துக்கே, அவர்கள் வாங்கும் விலைக்குத் திருப்பி விற்றார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த இடைவெளியை அக்காவின் கணவர் தன் பணத்திலிருந்து கட்டினார். எந்த மாடியிலும் வாய் ஓயாத மனிதர், அந்த மூன்றாவது மாடியில் வாயடைத்துப்போய் நின்றார். கணக்கு நேரானதால் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள், தங்கம் தம்பிக்கே திரும்பியது. இரண்டு அரை வட்டம். பதினொன்றரைக்கு இரும்புக் கதவு திறந்து கூடை உள்ளே போனது.

கீழே வாசலில் கணவர் வண்டியை எடுத்துவரப் போனார். தம்பி சுவரோரம் நின்று, இரண்டு பாதிகளையும் கைக்குட்டையில் வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய்மரம் ஒரு பாதியில், பாய் இன்னொரு பாதியில். வெட்டின இடத்தில் உலோகம் நசுங்கி உதடு தள்ளியிருந்தது, அதனால் இரண்டும் சேரவில்லை.

"எடை குறையல, பாத்தியா," என்று சிரித்தான். அவளுக்காகச் சிரித்தான் என்பது நன்றாகத் தெரிந்தது. இனி அது காசில்லை, தங்கம். நாளைக்கு யாருடைய வாயிலாவது பல்லாக உட்காரும்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அவன் தேற்றுவான், அதோடு முடிந்துபோகும், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கையில் சிமிழ் இருந்தது, அதற்குள் அவள் காசு பத்திரமாக இருந்தது. அந்தச் சந்தோஷமும் நெஞ்சில் இருந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது.

"நிறுத்தச் சொல்ல எனக்கு நேரம் இருந்துச்சுடா," என்றாள். "நான் சொல்லல."

தம்பி கைக்குட்டையை நான்காக மடித்தான். மடித்து முடித்து, உள்பையில் வைத்து, பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"தெரியும்க்கா. அவர் சுத்தியலை எடுக்கிறவரைக்கும் நான் காசைப் பாக்கல. உன் முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."

கணவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறச் சொல்லி இரண்டு முறை ஹாரன் அடித்தார்.